கதைக்கு வாங்கிய அட்வான்ஸ்

அன்று வீட்டில் இருந்தது நான்கு பேர். நான், என் வீட்டுக்காரர், நாரணாபுரத்திலிருந்து கறி வாங்கிக்கொண்டு வந்திருந்த அவருடைய அக்கா, அதாவது என் மதினி, பக்கத்து வீட்டுப் பாயம்மா அக்கா. ஞாயிற்றுக்கிழமை. நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்கும், அவர் லோடு ஏற்றும் குடோனுக்கும் லீவு. என் தொடர்கதையை எந்த ஆப்பில் போடுவது என்பதுதான் பேச்சு.

நான் எட்டாவதோடு நின்றவள். போனில் கதை எழுதுகிறேன் என்பதை வீட்டில் சொல்லவே ரொம்ப நாள் பயந்தேன். கம்பெனி வேனில் போகும்போதும் வரும்போதும்தான் எழுதுவது. வெடிமருந்து இருக்கிற இடம் என்பதால் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பகல் முழுக்கத் திரி சொருகிக்கொண்டே அடுத்த வரியை மனசுக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருப்பேன். மறந்துபோகுமோ என்று பயமாக இருக்கும். அந்த இடத்தில் பயப்பட அதைவிடப் பெரிய விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன. எனக்கு என்னவோ இந்தப் பயம்தான் முதலில் வரும்.

தீப்பெட்டி ஒட்டும் ஒருத்தி, புருசன் வீட்டில் பட்டது போதும் என்று கிளம்பி மதுரை பஸ் ஏறுவது கதை. கடைசி அத்தியாயம் என் மனசில் முதலிலேயே வந்துவிட்டது. அவள் ஜன்னலோரம் உட்காருவாள், டிக்கெட் வாங்குவாள், அவ்வளவுதான். அந்த ஒரு இடத்துக்காகத்தான் மீதியை எழுதிக்கொண்டிருந்தேன்.

என் முன்னால் இரண்டு ஆப் இருந்தன. ஒன்றில் யார் வேண்டுமானாலும் கதை போடலாம். கதை நம்முடையதாகவே இருக்கும், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். படிக்கிறவர்கள் மனசு வைத்துக் கொடுத்தால்தான் காசு. இன்னொன்றிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். பதினைந்தாயிரம் அட்வான்ஸ் தருவார்கள். தினம் ஒரு அத்தியாயம் போட வேண்டும். கதைக்கு வருகிற காசில் அட்வான்ஸைக் கழித்துக்கொள்வார்கள்.

முதல் ஆப்பைப் பற்றிச் சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "அட்வான்ஸ் குடுக்காத கம்பெனியில யாராச்சும் வேலைக்குச் சேருவாகளா? நாளைக்கே பூட்டிட்டுப் போயிருவான்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். ஒரு கம்பெனி எம்புட்டு அட்வான்ஸ் கொடுக்கிறது என்பதை வைத்துத்தான் அதை நம்புவோம். வாங்கினால் அங்கேதான் வேலை பார்க்க வேண்டும், வாஸ்தவம். ஆனால் ஒத்துவராவிட்டால் வேறு கம்பெனிக்காரர் அந்தப் பாக்கியைக் கட்டி நம்மைக் கூட்டிக்கொள்வார். என் வீட்டுக்காரரே அப்படி மூன்று கம்பெனி மாறியவர்தான். கதையும் அப்படித்தான் போகும் என்று அவர் சொன்னார். எனக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளுக்கு அதற்கு மட்டும் பயம் வரவில்லை.

"எங்க வீட்டுச் சண்டையத்தான எழுதுற? எனக்கு அதுல பாதி வந்துரணும்" என்றார் மதினி.

பாயம்மா அக்கா மட்டும், ஒப்பந்தம் இங்கிலீஷில் இருக்கிறதே, தெரிந்த யாரிடமாவது காட்டிவிட்டு ஒத்துக்கொள் என்றார். அவர் வீட்டில் டவுனில் பேப்பர் கடை வைத்திருக்கிறார்கள், எழுதிக் கையெழுத்துப் போடுவது என்றால் அவர்களுக்கு ஜாக்கிரதை. நான் தலையாட்டினேன். சாப்பாடு முடிந்து அவர்கள் கிளம்பியதும் போனில் ஒத்துக்கொள்கிறேன் என்ற இடத்தைத் தொட்டுவிட்டேன். பணம் வந்தது. மதினியின் மகள் சடங்குக்குப் போனது.

முதல் மாதம் நன்றாகத்தான் ஓடியது. கதையில் மாமியார் அடிக்கிற அத்தியாயத்தை நிறையப் பேர் காசு கட்டிப் படித்தார்கள். பிறகு ஆப்பிலிருந்து பேசிய அந்தப் பெண், கதையில் வருகிறவளை இப்போதைக்கு வீட்டை விட்டு அனுப்பாதீர்கள் என்றாள். மாமியாரை இன்னும் கொஞ்சம் நீட்டச் சொன்னாள். நீட்டினேன். மறுபடி நீட்டச் சொன்னாள். வேனில் ஏறினால் யாரை இன்றைக்கு அழவைக்கலாம் என்றுதான் யோசனை ஓடியது. சீசன் நேரத்தில் வேலை முடிய இருட்டிவிடும். ஒரு நாள் போடாவிட்டால் படிக்கிற கூட்டம் குறைந்துவிடும் என்று செய்தி வரும். கூட்டம் குறையவும் செய்தது. அட்வான்ஸ் கழிவது அப்படியே நின்றுவிட்டது.

மீதிப் பணத்தை எப்படியாவது புரட்டிக் கட்டிவிடுகிறேன், கதையைக் கொடுங்கள், முதல் ஆப்பில் போட்டு முடித்துக்கொள்கிறேன் என்று போனில் கேட்டேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"பணத்தக் கட்டினா கடன் தீரும் மேடம். கதை வராது. அத நீங்க எங்களுக்கு எழுதிக் குடுத்துட்டீங்க."

அப்படியானால் முடிவையாவது என் இஷ்டத்துக்கு எழுதட்டுமா என்றேன். அதை டீம்தான் சொல்ல வேண்டும் என்றாள். இல்லாத ஒருத்தி பஸ் ஏற, முகம் தெரியாத யாரோ அனுமதி தர வேண்டும்.

சாயங்காலம் பாயம்மா அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அன்னைக்கே சொன்னேனே என்று குத்திக்காட்டவில்லை. கையில் இருந்த பல்லை உரித்துப் போட்டுவிட்டு, "இது அட்வான்ஸ் இல்ல புள்ள. கிரயம்" என்றார்.

வீட்டுக்காரருக்கு இன்னும் அது பிடிபடவில்லை. வேற ஆப்புக்காரன்கிட்டப் பேசிப் பாரு, பாக்கியக் கட்டிக் கூட்டிக்கிருவான் என்கிறார். நாளைக்குப் போட வேண்டிய அத்தியாயத்தில் மாமியார் அவள் சேலையை ஒளித்துவைக்கிறாள். அதை எழுதினால்தான் கழியும். இன்றைய தேதிக்கு நான் அவர்களுக்குக் கழிக்க வேண்டியது பதினோராயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.