விளக்கைத் தொட்டதும் வந்த கழிப்பறை

அக்டோபர் 8, புதன்கிழமை. 5.10க்கு எழுந்தேன். 5.25க்கு மோட்டார் போட்டேன். ஆறு மணிக்குக் காபி. 7.40க்கு மூன்று இட்லி, தக்காளிச் சட்னி. ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஊரில் உள்ள சிறு தொழில்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு.

9.20க்கு செல்வியிடமிருந்து போன்.

"அக்கா, என் சைட்ல கார்த்திகை விளக்கத் தொட்டா கக்கூசு வருதுக்கா!"

"என்னம்மா வருது?"

"வெள்ளக் கக்கூசுக்கா. மூடியோட! திருவண்ணாமலை கடைக்காரரு போன் பண்ணி, 'சாமிக்கு விளக்குக் கேட்டா நீ என்னத்தம்மா காட்டுற'ன்னு கேக்குறாரு. மானம் போவுது."

செல்வி எங்கள் ஊர் பீங்கான் தொழிற்பேட்டையில், அதாவது எஸ்டேட்டில், விளக்கு செய்கிறார். பக்கத்துக் கொட்டகை குமரவேலுவுடையது. அவர் செய்வது கழிப்பறைக் கோப்பைகள். இருவருக்கும் சேர்த்து ஒரே சூளை. தனியாக அதை நிரப்ப இருவராலும் முடியாது. சூளையைப் போலவே வெப்சைட்டும் கூட்டுதான். முகவரி குமரவேலுவின் பெயரில். அதற்குள்ளே ஒரு துணை ஃபோல்டரில் செல்வியின் சைட். செவ்வாய்க்கிழமை மாலை அதை ஏற்றியவள் நான்.

"இது குமரவேலு வேலதான்க்கா. என் கஸ்டமர இழுக்குறாரு. காலையிலயே நேராப் போயி நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டுட்டேன். இந்த வாரத்தோட சூளையப் பிரிச்சிக்கலாம்னும் சொல்லிட்டு வந்துட்டேன்."

"கொஞ்சம் இரும்மா... பாக்குறேன்."

9.32க்குக் கண்டுபிடித்துவிட்டேன். இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று யாருக்காவது தோன்றியிருக்கிறதா? எனக்குத் தோன்றியது.

விஷயம் இவ்வளவுதான். ஒருவர் சைட்டில் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும், அதைச் சரியான இடத்துக்குத் திருப்பிவிட ஒரு சின்னக் கோப்பு உண்டு. பத்து வரிகூட இருக்காது. எந்த வாசலிலிருந்து வழி தொடங்குகிறது என்று அதில் ஒரு வரி சொல்லும். குமரவேலுவின் கோப்பு இரண்டு வருடமாக ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடுகிறது. அதை அப்படியே எடுத்துச் செல்வியின் ஃபோல்டரில் வைத்துவிட்டேன்.

எங்கள் எஸ்டேட்டில் இது வழக்கம். ஒருவரிடம் நல்ல அச்சு இருந்தால் பக்கத்துக் கொட்டகைக்காரர் இரவல் வாங்கிக்கொள்வார். நன்றாக வருகிற அச்சு இருக்கும்போது யார் புதிதாகச் செய்வார்கள்? நானும் இரவல் வாங்கினேன். ஆனால் அந்த வரியில் இருந்தது வெறும் ஒரு ஸ்லாஷ். அப்படியென்றால் தலைவாசல் — குமரவேலுவின் வாசல். ஸ்லாஷுக்குப் பின்னால் செல்வியின் ஃபோல்டர் பெயரை நான் எழுதவில்லை. அதனால் முதல் பக்கம் ஒழுங்காகத் திறந்தது. உள்ளே எதைத் தொட்டாலும், நேராகக் குமரவேலு வீட்டு முற்றம்!

சோதித்துப் பார்க்காமல் விட்டேனா? இல்லை. என் பட்டியலில் பதினோரு வரிகள். 'உள்பக்கங்கள் திறக்கின்றனவா' என்பது ஏழாவது. டிக் போட்டிருக்கிறேன். ஆனால் சோதித்தது என் கம்ப்யூட்டரில். அங்கே செல்வியின் சைட்டுக்கு மேலே வேறு யாரும் இல்லை; அதுவேதான் தலைவாசல்.

தப்பான கோப்பைக் காப்பியடித்தால் உடனே மாட்டிக்கொள்வோம். நன்றாக ஓடுகிற கோப்பு... அதுதான் ஆபத்து. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு இதை எழுத வேண்டியிருக்கிறது என்பதே அலுப்பாக இருக்கிறது.

அந்த வரியையும் அதையொட்டிய இன்னொரு வரியையும் திருத்தினேன். 9.41க்கு எல்லா விளக்கும் வந்தது. பத்து மணிக்குள் திருவண்ணாமலைக்காரரும் பார்த்துவிட்டு ஆர்டர் சொல்லிவிட்டார். செல்வி மறுபடி கூப்பிட்டார்.

"என்னாச்சுக்கா? சர்வர் கோளாறா?"

எவ்வளவு வசதியான கேள்வி! எங்கள் தொழிலில் எதற்கும் அந்தப் பதில் போதும். சர்வரை யாரும் நேரில் பார்த்ததில்லை. அதற்குக் கோபமும் வராது. 'ஆமாம்மா' என்று சொன்னால் முடிந்தது. ஆனால் செல்வி மனதுக்குள் சர்வருக்குப் பக்கத்தில் குமரவேலுவும் நின்றுகொண்டேதான் இருப்பார்.

"சர்வர் இல்லம்மா. என் தப்பு."

"நீங்களா? நீங்க உப்பக்கூட எண்ணிப் போடுவீங்களேக்கா!"

"நான்தான். குமரவேலுக்கு ஒண்ணும் தெரியாது."



"அய்யய்யோ... கக்கூசுக்காரன் புத்தி கக்கூசுலதான் இருக்கும்னு சொல்லிட்டேனேக்கா. நான் போயி எப்பிடிக்கா மூஞ்சிய காட்டுவேன்?"

முகவரியைத் திருத்த ஒன்பது நிமிடம் போதுமானதாக இருந்தது. இதை எந்தக் கோப்பில் திருத்துவது?

வியாழக்கிழமை காலை முதல் வேலையாகக் குமரவேலுவின் கொட்டகைக்குப் போனேன். காயாத கோப்பை ஒன்றின் விளிம்பை ஈரப் பஞ்சால் தடவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"ஏங்க, அந்தம்மா நேத்து பத்து பேரு முன்னால பேசிச்சி. நீங்க காதோட வந்து சொன்னா எப்பிடிங்க?"

நியாயம்தான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நேற்று கேட்டுக்கொண்டிருந்த பத்து பேரும் வேலைக்கு வந்து சேர எட்டரை ஆயிற்று. எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று முதலிலிருந்து சொன்னேன்.

குமரவேலு பஞ்சைப் பிழிந்து வைத்துவிட்டுப் பக்கத்துக் கொட்டகைப் பக்கம் குரல் கொடுத்தார். "ஏம்மா செல்வி, வெளக்கெல்லாம் எடுத்துட்டு வா. சூளை அடுக்கணும்ல?"