நீ கூப்பிட வேண்டும் என்று

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாக லென்ஸ் தேய்ப்பவர் அவர். கடையில் எல்லோருக்கும் லென்ஸக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப்பிறந்தவள் ஒரே தங்கை. அவள் கடல் தாண்டிப் போய், ஸ்பானிஷ் பேசும் ஒருவரைக் கட்டிக்கொண்டு, ஒரு பெண்ணையும் பெற்றாள். குழந்தைக்கு ஏழு வயதானபோது நோயில் விழுந்து போய்ச் சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகப் பேசியபோது சொன்னாள்: "அவ உன்னைப் பெரியம்மான்னு கூப்பிடணும்க்கா. நான்தான் சொல்லிக்கொடுக்காம விட்டுட்டேன்."

குழந்தைக்குத் தமிழ் தெரியாது. ஞாயிறுதோறும் போன் திரையில் வந்து, யாரோ வெளி ஆளிடம் பேசுவதுபோல "செஞோரா", அதாவது அம்மணி, என்பாள். ஐம்பத்தோரு வயதில் அக்கா ஸ்பானிஷ் மாலை வகுப்பில் சேர்ந்தார்.

"எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும், டீச்சர். நீ என்னைப் பெரியம்மான்னு கூப்பிடணும்னு உங்கம்மா ஆசைப்பட்டா."

"அங்கதாங்க சிக்கல்," என்றார் டீச்சர். "ஆசைப்பட்டது அப்போ. அதனால 'கூப்பிடணும்'ங்கிறதும் மாறும்."

கூப்பிடுவது யமார். கூப்பிட்டார்கள் என்றால் யமாரோன். அதன் வாலில் இருக்கும் 'ரோன்' என்பதை நறுக்கிவிட்டு ரா, ராஸ், ரா, ராமோஸ், ராய்ஸ், ரான் என்று நான், நீ, அவள், நாம், நீங்கள், அவர்கள் என ஆளுக்கொன்றாக ஒட்ட வேண்டும். நீ கூப்பிட வேண்டும் என்றால் யமாராஸ்.

"அந்த ஆசை நடந்துச்சா இல்லையான்னு அதுல தெரியுமா?"

"தெரியாதுங்க. ஆசைப்பட்டாங்கன்னு மட்டும் தெரியும்."

மறுநாள் தேய்க்கும் சக்கரத்தின் முன் உட்கார்ந்து, லென்ஸின் ஓரத்தைப் பிடித்தபடி அக்கா முணுமுணுத்தார்: "யமாரா, யமாராஸ்..."

பிரேம் மாட்டுபவர் சிரித்தார். "என்னக்கா, காலங்காத்தால யமனைக் கூப்பிடுறீங்க?"

"அவன் கூப்பிடாமலே வந்துட்டுப் போயிட்டான்ப்பா."

பிரேம் மாட்டுபவர் போய் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "அடுத்தது ராமோஸா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஞாயிறு வந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு வாக்கியத்தைச் சொன்னார். பதற்றத்தில் அழுத்தம் நடுவில் விழாமல் 'ராஸ்' மேல் விழுந்துவிட, அது 'கூப்பிடுவாய்' என்றாகிவிட்டது. குழந்தை புருவத்தைச் சுருக்கினாள்.

சமையலறையிலிருந்து அவள் அப்பா குரல் கொடுத்துத் திருத்தினார்: "யமா...ராஸ்." அக்கா மறுபடி முழுவதையும் சொன்னார். இப்போதுதான் குழந்தையின் அப்பாவுக்கு அர்த்தம் முழுதாகப் புரிந்தது. ஈரக் கையோடு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். மனைவிக்கு இப்படி ஓர் ஆசை இருந்தது அவருக்கே தெரியாது.

"பெ...ரி...யம்மா," என்று சொல்லிப் பார்த்தாள் குழந்தை. சட்டென்று அவள் முகம் மலர்ந்தது. "ஐ, இதுக்குள்ளயே யமா இருக்கு!" என்றாள் ஸ்பானிஷில். யமா என்றால் 'கூப்பிடு'.

மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு அவள் திரைக்கு நெருங்கி வந்து ஸ்பானிஷிலேயே கேட்டாள்: "அம்மா வேற என்ன ஆசைப்பட்டாங்க?"

தங்கைக்குத் தண்ணீர் என்றால் பயம். மகளாவது நீச்சல் கற்க வேண்டும் என்பாள். நீந்துவது நதார், அதுவும் யமார் போலத்தான். "நதாராஸ்," என்றார் அக்கா. நீ நீந்த வேண்டும் என்று.

"அப்புறம்?"

நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றும் ஆசைப்பட்டாள். ஆனால் சாப்பிடும் சொல் வேறு வகை. வகுப்பு இன்னும் அதுவரை வரவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன் கண்ணு," என்று தமிழிலேயே சொன்னார்.

திங்கள் மாலை, தோள்பையைக் கழற்றும் முன்பே டீச்சரிடம் போய் நின்றார். "சாப்பிடறதுக்கு வாலை எங்க வெட்டணும்?"