நாற்பது ஐட்டம் கொண்ட நாவல்

எங்கள் அச்சகத்தில் பட்டாசுக் கடைகளுக்கு விலைப்பட்டியல் அடிப்போம். பாலகுரு அண்ணன் பதினாறு வருடமாக அதற்குப் பக்கம் அமைக்கிறார். லட்சக்கணக்கில் அச்சாகும் அந்தத் தாள்களில் ஒரு மூலையில்கூட அவர் பெயர் வந்ததில்லை. அட்டையில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆறு வருடம் உட்கார்ந்து ‘கருந்திரி மாளிகை’ என்ற பேய் நாவலை எழுதினார்.

இணையத்தில் ஒரு பதிப்பகம் போட்டி வைத்தது. ஒரு மாதத்துக்குள் எந்த நாவலுக்கு முதலில் இருநூறு பேர் பணம் கட்டி முன்பதிவு செய்கிறார்களோ, அதைத்தான் அச்சிடுவார்கள். அண்ணனும் சேர்ந்தார். விலை முந்நூறு. இருபது நாளில் நான்கு முன்பதிவு. அதில் ஒன்று அவருடையது. கோயம்புத்தூர்ப் பல் மருத்துவர் ஒருவரின் காதல் கதை நூற்று முப்பதைத் தொட்டிருந்தது.

எங்கள் ஊர் நாரணாபுரத்தில் யாரும் கதை என்னவென்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டு சோணைமுத்து மாமா மட்டும், “தள்ளுபடி எம்புட்டுலே?” என்றார். இல்லை என்றதும் பேச்சை மழைக்கு மாற்றிவிட்டார்.

அண்ணன் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். பட்டாசுக்குப் போடுவது போலவே நாவலுக்கும் ஒரு விலைப்பட்டியல் போட்டார். அத்தியாயத்துக்கு ஒரு ஐட்டம்: ‘கிணற்றடிக் கொலை, சவுண்ட் ரகம்’, ‘மாடியில் முத்தம், ஃபேன்சி ரகம்’. மொத்தம் நாற்பது ஐட்டம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். எண்பது சதவீதத் தள்ளுபடி போக முந்நூறு. வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் தாயில்பட்டி வரைக்கும் ஆர்டர் வந்தது. ஒருவர் முத்தத்தை மட்டும் இரண்டாகக் கேட்டார். இருபத்தெட்டாம் நாள் இருநூறு. பல் மருத்துவர் நூற்று எண்பத்தாறில் நின்றுவிட்டார்.

பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் அவர் மனைவி வேல்விழி அக்கா அத்தியாயங்களை எண்ணினார். பட்டாசுக் கம்பெனியில் கிஃப்ட் பாக்ஸ் அடுக்குபவர், எண்ணாமல் எதையும் மூட மாட்டார். முப்பத்தொன்பதுதான் இருந்தது. கைப்பழக்கத்தில் அண்ணன் பட்டியலின் கடைசியில் ‘சர்ப்ரைஸ் ஐட்டம்’ என்று ஒன்றைச் சேர்த்திருந்தார்.

“ஒண்ணு குறைஞ்சாலும் வாசல்ல வந்து நிப்பாக” என்றார் அக்கா.

“எல்லாரும் செத்துட்டாகளே. இனி யாரை வச்சு எழுத?”

“பாக்ஸ்ல ஐட்டம் குறைஞ்சா என்ன செய்வோம்? ஒரு தீப்பெட்டியை வைப்போம்ல.”

புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் பாலகுரு என்று தங்க நிறத்தில் பெரிதாக இருக்கிறது. நாற்பதாவது அத்தியாயம் நான்கே வரி. மின் கணக்கெடுக்க வந்தவர் மாளிகைக்குள் ஒரு தீக்குச்சியைக் கிழிக்கிறார். யாரையும் காணாமல் திரும்பிப் போகிறார்.

சோணைமுத்து மாமா புத்தகத்தை வாங்கியதும் விரல் விட்டு எண்ணினார். “நாப்பதும் சரியா இருக்குலே” என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.