நூற்றுப் பன்னிரண்டு கிலோவுக்கு ஒரு பிரேக்

சனிக்கிழமை காலை 5.40. திருப்பரங்குன்றத்தில் கோயில் வாசல் பூக்கடைக்காரர்கள் அப்போதுதான் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீ குடித்தேன், பன்னிரண்டு ரூபாய். டீக்கடைக்காரர் என் கியர் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சைக்கிளைப் பார்த்தார். "தாங்குமாண்ணே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஐம்பத்திரண்டு வயதில், நூற்றுப் பன்னிரண்டு கிலோ உடம்போடு சைக்கிள் ஏறுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? "தாங்குறது பெரிய விசயமில்ல, நிக்கணும்ல? அதுக்குத்தான் புது பிரேக்கு போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

போக வேண்டிய இடம் வாடிப்பட்டிக்கு அப்பால், சிறுமலை அடிவாரம். குட்லாடம்பட்டிப் பக்கம் அங்கே ஒரு சரிவும், சரிவு முடியும் இடத்தில் ஓடைமேல் சின்னப் பாலமும் உண்டு. முப்பத்தோரு வருடங்களுக்கு முன்னால், கல்லூரி முடித்த வருடம், நானும் என் சிநேகிதன் பாண்டியும் அங்கிருந்த அருவியில் குளித்துவிட்டு என் அப்பாவின் கறுப்பு சைக்கிளில் அந்தச் சரிவில் இறங்கினோம். நான் ஓட்டினேன், பாண்டி முன்பாரில் உட்கார்ந்து பாடிக்கொண்டு வந்தான். பிரேக் பிடிக்கவில்லை. பாலத்துச் சுவரில் மோதினோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பாண்டி சைக்கிளோடு ஓடைக்குள் விழுந்து முட்டி உடைந்தது. இரண்டு வாரத்தில் அவனுக்குப் போலீஸ் வேலைக்கான ஓட்டம் இருந்தது. ஓட்டத்தில் எங்கள் பக்கத்தில் அவனை முந்த ஆள் கிடையாது. அந்தக் கால் அதற்குப் பிறகு முழுதாக மடங்கவே இல்லை.

பிரேக் கட்டை தேய்ந்திருந்தது எனக்குத் தெரியும். மாற்றச் சொல்லி அப்பா இரண்டு முறை சொல்லியிருந்தார். நான்தான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பாண்டி ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அதற்குப் பிறகு அவன் சைக்கிளில் ஏறியதுமில்லை, அந்தப் பக்கம் போனதுமில்லை. அவன் பார்க்க, அந்தப் பாலத்துக்கு முன்னால் நான் நின்றுகாட்ட வேண்டும். பயணம் இதற்குத்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

பிரேக் வாங்கிய கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில், சைக்கிள் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். "எம்புட்டு எடை சார்?" என்றார். "தொண்ணூத்தஞ்சு" என்றேன். அவர் என்னை சைக்கிளில் ஏறச் சொல்லி, குனிந்து பின் டயரைப் பார்த்தார். "டாக்டர்ட்ட பொய் சொல்லுங்க, வீட்டுல சொல்லுங்க, எங்கிட்ட மட்டும் சொல்லாதீங்க சார். நிக்கப் போறது நீங்க." நூற்றுப் பன்னிரண்டு என்று ஒப்புக்கொண்டேன்.

சைக்கிளோடு வந்தது கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக், தட்டு நூற்றறுபது மில்லிமீட்டர். "இது அறுபது கிலோ பையனுக்கு. நீங்க மலையில இறங்குனா பாதியிலயே சூடாகி ஏமாத்திரும்" என்று கழற்றி ஓரமாக வைத்தார். கனமான ஆளை நிறுத்துவதென்றால் அத்தனை வேகமும் சூடாக மாறி அந்தத் தட்டுக்குள்தான் போக வேண்டும். தட்டு பெரிதாக இருந்தால் சூட்டைத் தாங்கும், பிடியும் கூடும். முன் ஃபோர்க் தாங்குமா என்று அதிலிருந்த எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, முன்னால் இருநூற்று மூன்று, பின்னால் நூற்றெண்பது மில்லிமீட்டர் தட்டுகளைப் போட்டார். பிரேக் இரண்டும் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்பவை. முன்னால் இருப்பதில் நான்கு பிஸ்டன். தட்டைக் கவ்விப் பிடிக்கும் பேடில் இரண்டு வகை காட்டினார். ஒன்று சத்தமில்லாதது, சூட்டில் சோர்ந்துவிடும். மற்றது உலோகப் பொடியில் செய்தது, கொஞ்சம் கத்தும், ஆனால் கைவிடாது. "கத்துறதே இருக்கட்டும் பாய்" என்றேன். கூலியோடு பதின்மூவாயிரத்து அறுநூறு ரூபாய். கையில் ஒரு செட் பேடு கூடுதலாகக் கொடுத்தார். புது பேடு தட்டோடு பழக வேண்டும், வேகமாகப் போய் முழுதாக நிற்காமல் இருபது தடவை பிடித்து விடுங்கள் என்றார். வைகைக் கரை ரோட்டில் நான் அதைச் செய்தபோது, பைத்தியம் என்று நினைத்து இரண்டு பேர் விலகிப் போனார்கள்.

6.20. கோச்சடை தாண்டியதும் காற்று மாறியது. துவரிமான், மேலக்கால் என்று ஊர்கள் வந்துகொண்டிருந்தன. இந்த ரோட்டில் ஒரு காலத்தில் எங்களுக்கு ஒவ்வொரு மேடும் தெரியும். எந்த மேட்டில் பாண்டி இறங்கித் தள்ள வேண்டும், எந்த இறக்கத்தில் நான் காலைத் தூக்கிக்கொள்ளலாம் என்பதற்கெல்லாம் ஒப்பந்தம் உண்டு. இப்போது ரோடு அகலம், மேடெல்லாம் சமமாகிவிட்டது. ஆனாலும் மேலக்காலுக்கு முன்னால் ஒரு வளைவில் என் கால் தானாகவே பெடலை நிறுத்தியது. பாண்டி ஏறி உட்காரும் இடம் அது. யாரும் ஏறவில்லை. கொஞ்ச தூரம் சும்மாவே உருண்டு போனேன்.

7.35. சோழவந்தான். இருபத்தாறு கிலோமீட்டர் ஆகியிருந்தது. பாண்டிக்குக் கொடிக்கால் இருக்கிறது. வெற்றிலைக் கட்டுகளை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தான்.

"மாப்ள, சைக்கிள்ல நீ வந்தியா, ஒம்மேல சைக்கிள் வந்துச்சா?"

"வாய மூடிட்டு கிளம்பு. பாலத்துக்குப் போறோம்."

அவன் சிரிப்பு நின்றது. "அங்க எதுக்குடா?" என்றான். சொன்னேன். வெகுநேரம் சாக்கையே தட்டிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, மொபெட்டுல வாரேன்" என்றான்.

அவன் மனைவி முத்துலட்சுமி இட்லி வைத்தாள். ஆறு சாப்பிட்டேன், எட்டு என்று பாண்டி சொல்வான், நம்ப வேண்டாம். நாங்கள் கை கழுவி வந்தபோது சைக்கிளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் இருந்தது. முன்சக்கரத்துத் தட்டில் மூன்று சிவப்புப் பொட்டு.

"புது வண்டில்ல அண்ணே. ஆஞ்சநேயர் கோயில் செந்தூரம். எங்க வைக்கிறதுன்னு பாத்தேன், இதுதான் தாம்பாளம் கணக்கா பளபளன்னு இருந்துச்சு" என்றாள்.

நான் கிறிஸ்தவன் என்பது அவளுக்கு என்றைக்கும் கணக்கில்லை, எனக்கும்தான். மனது நிறைந்துவிட்டது. "நல்லா வச்ச தாயி" என்று சொல்லிப் பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டேன்.

8.50. வாடிப்பட்டி ரோட்டில் ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. முன்பிரேக்கைப் பிடித்தேன். கீச்சென்று ஊரே திரும்பும்படி கத்தியது, சக்கரம் மட்டும் நிற்கவில்லை. பின்பிரேக்கும் என் இரண்டு கால்களும் சேர்ந்து, கடைசி ஆட்டுக்கு ஒரு முழம் முன்னால் என்னை நிறுத்தின. ஆட்டுக்காரர் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். பதின்மூவாயிரத்து அறுநூறு ரூபாய் பிரேக்!

ஓரமாக நின்று பாய்க்கு போன் போட்டேன், பின்னால் வந்து நின்ற பாண்டிக்கும் கேட்கும்படி.

"தட்டுல என்னாச்சும் பட்டுச்சா சார்?"

"செந்தூரம் வச்சாங்க பாய். மூணே பொட்டு."

"யா அல்லா! நெய்யில கொழச்சதுல்ல அது? பேடு முழுக்க குடிச்சிருக்கும். அதைக் கழட்டி வீசிட்டு, நான் குடுத்த புது பேடைப் போடுங்க. மெடிக்கல்ல ஸ்பிரிட் வாங்கித் தட்டைத் துடைங்க, வெரல் படக்கூடாது. எண்ணெ, நெய் பட்டா எம்புட்டு பெரிய பிரேக்கும் பிடிக்காது சார். நேத்து மாட்டின புதுக் கட்டையா இருந்தாலும் பிடிக்காது."

9.30. முன்பிரேக்கைத் தொடாமல் வாடிப்பட்டி வரை உருட்டாத குறையாக ஓட்டி, மருந்துக்கடையில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கினேன். என் விரல்கள் அந்தச் சின்ன இடுக்குக்குள் நுழையவில்லை. வெற்றிலை கிள்ளிப் பழகிய பாண்டியின் விரல்கள் நுழைந்தன. பழைய பேடை எடுத்து, தட்டைத் துடைத்து, புது பேடைச் சொருகினான். வேலை முடிந்தும் தலை நிமிரவில்லை. மனைவி செய்ததற்கு வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்கு வெளியே சமதளத்தில் மறுபடியும் இருபது தடவை பிடித்து விட்டேன். பிடி திரும்பி வந்தது.

10.40. மலையடிவாரம். மேட்டில் நான் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன், மறைக்க ஒன்றுமில்லை. உச்சியில் மொபெட்டை நிறுத்திவிட்டுப் பாண்டி நின்றான். கீழே பாலம் தெரிந்தது. என் ஞாபகத்தில் இருந்ததைவிட ரொம்பச் சின்னது.

"மாப்ள, எறங்காத. ஒன்னு சொல்லணும்."

"சொல்லு."

"நாம விழுந்ததுக்கு மொத நா ஆயுத பூசை. ஒன் சைக்கிள் எங்க வீட்டுலதான நின்னுச்சு. வீட்டுல நிக்கிற வண்டி அம்புட்டுக்கும் தொடச்சுப் பொட்டு வைக்கணும்னாரு எங்கப்பா. ஒன்னோடது பளபளன்னு இருக்கட்டும்னு நான்தான் தேங்காண்ணெ போட்டுத் தொடச்சேன். ரிம்மையும் சேத்து."

அந்த சைக்கிளில் பிரேக் கட்டை பிடிப்பது ரிம்மைத்தான்.

"விழுந்து கிடக்கையில சக்கரத்தைப் பிடிச்சுத்தான் எந்திரிக்கப் பாத்தேன். கை வழுக்குச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரியில நீ வந்து கட்டை தேஞ்சிருச்சுன்னு அழுத. சரி அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். பொறவு எத்தனையோ நா சொல்ல வந்தேன், வாய் வரல."

கோபம்தான் வந்தது. முப்பத்தோரு வருடமாக, ஞாயிறு தவறாமல் முழங்காலில் நின்று, அந்த ஒரு கட்டைக்காகப் பாவமன்னிப்புக் கேட்டவன் நான். கண்டபடி திட்டினேன். அவன் மடங்காத காலைச் சாய்த்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அந்தக் காலைப் பார்த்ததும் எனக்குத் திட்டு தீர்ந்துபோயிற்று. வேலையும் போய், தன்னால்தான் போயிற்று என்பதையும் தனியாகச் சுமந்திருக்கிறான். நானாவது வாரம் ஒரு முறை கடவுளிடம் சொன்னேன்.

"கட்டையும் தேஞ்சுதான்டா இருந்துச்சு" என்றேன்.

"அப்ப ஆளுக்குப் பாதி" என்றான்.

11.05. இறங்கினேன். பிடித்துக்கொண்டே போகாமல் பிடித்துப் பிடித்து விட்டேன். வேகம் ஏறியது, காதில் காற்று இரைந்தது. கடைசி முப்பது அடியில் இரண்டு பிரேக்கையும் இழுத்தேன். நூற்றுப் பன்னிரண்டு கிலோவும் முனகலோடு நின்றது. பாலத்துக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் நான்கு அடி இருந்தது. காலை ஊன்றிக்கொண்டு அழுதேன்.

மொபெட்டில் மெல்ல இறங்கி வந்த பாண்டி தட்டைத் தொட்டுப் பார்க்கப் போனான். "சூடுடா!" என்று கத்தினேன். கையை இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சைக்கிளையே பார்த்தான்.

"எறக்கத்துல பெடல் போட வேணாம்ல மாப்ள?"

நான் பதில் சொல்வதற்குள் ஹேண்டில்பாரைப் பிடித்துவிட்டான். தட்டு ஆறியதும் மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். இருக்கையைத் தாழ்த்திக் கொடுத்தேன். அவன் ஐம்பத்தெட்டு கிலோ. பிரேக்கோ எனக்காக வாங்கியது. அழுத்திப் பிடித்தால் தலைகுப்புற விழுவான். "ஒத்த விரல்தான்டா! ஒத்த விரலு!" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு நின்றேன். நல்ல காலைப் பெடலில் வைத்து, மடங்காத காலை நீட்டிக்கொண்டு இறங்கினான். பாலத்துக்கு முன்னால் நின்றான். ஓடையை எட்டிப் பார்த்தான். பிறகு பிரேக்கை விட்டுவிட்டுப் பாலத்தைக் கடந்து போனான்.

மதியம் 1.15, சோழவந்தான். முத்துலட்சுமியிடம் செந்தூர விசயத்தைச் சொல்ல வேண்டாம் என்றான் பாண்டி. ஒரு எண்ணெய்க் கதையை மறைத்தது போதும் என்று நான் எல்லாவற்றையும் சொன்னேன், பழையதையும் சேர்த்து. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் செந்தூரத்தை எடுத்து வந்தாள்.

"தட்டுல வேணாம்னா வேற எங்கண்ணே வைக்கலாம்?"

"பெல்லுல வை தாயி."

மாலை 5.30-க்கு வீடு வந்து சேர்ந்தேன். இன்று ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்து, சைக்கிளைத் துடைத்தேன். தட்டை ஸ்பிரிட் போட்டு இரண்டு தடவை துடைத்தேன், ரிம்மையும் துடைத்தேன். பெல்லை மட்டும் விட்டுவிட்டேன்.