கோட்டோடு போன பனி

ஜம்புலிங்கத்தின் ஆறு மாத ஒப்பந்தம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நீட்டிப்பதும் அனுப்புவதும் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் கஸ்தூரிரங்கன் கையில். லால்குடிப் பக்கத்திலிருந்து பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து வந்தவன் ஜம்பு. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். தில்லி முனிர்காவில் அறை, நடக்கும் தூரத்தில் ஆய்வுக்கூடம்.

வட துருவக் கடலின் பனிப்பாளங்கள் மேல் வைத்த மிதவைகள், செயற்கைக்கோள் வழியாகத் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும். அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் வைத்து, கோளாறானவற்றைக் கழித்துக்கட்டுவது அவன் வேலை.

பதினொரு மிதவைகளில் ஏழு மிதவைகளைக் கழித்திருந்தான். அலாஸ்காவுக்கு வடக்கே காற்றழுத்தம் ஓங்கி நின்றது. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று ஓடும், மதகு திறந்த தண்ணீர் மாதிரி; பனியும் கூடவே போகும் என்பது அவன் கணக்கு. இந்த ஏழோ குறுக்கே போயின. மீதி நாலும் கரையோரம் சிக்கி அசையாமல் கிடந்ததால் அவற்றின் மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

"அசையாததுதான் நல்ல மிதவையா? பக்கா சர்க்காரி லாஜிக்!" என்றாள் பக்கத்து மேசை அகல்யா. சரோஜினி நகர் அரசு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள்.

"கிண்டல் பண்ணாதீங்க. கழிச்ச லிஸ்ட்ல கையெழுத்துப் போட்டாச்சு. நாலு மணிக்கு சார் ஃபேக்ஸ் அனுப்பிடுவார்."

"அச்சா. அப்ப ஏழு பேருக்கும் டாட்டா."

அந்தக் கிண்டல் உறுத்தியது. எல்லோரும் மூன்றரை மணி டீக்குப் போனபின், மிதவைகளின் தடங்கள் வரைந்த டிரேசிங் தாளை எடுத்தான். ஒரே அழுத்தமுள்ள இடங்களை இணைத்துக் கோடு போட்ட தாளை அதன் மேல் வைத்து, இரண்டையும் ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தான். பின்னாலிருந்து ஜனவரி வெயில் பாய்ந்தது.

ஏழு தடங்களும் அழுத்தக் கோடுகளை ஒட்டியே ஓடின. ஆறு தடங்கள் அந்த உயர் அழுத்தத்தை வலம் வந்தன. கோடுகள் துருவத்தைத் தாண்டி கிரீன்லாந்துப் பக்கம் வளைந்த இடத்தில், ஏழாவதும் வளைந்து போயிருந்தது.

காரணம் அவனுக்குத் தெரியும். பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் ஓடுவதெல்லாம் வலப்புறம் ஒதுங்கும். காற்று அழுத்தக் கோட்டைக் குறுக்கே வெட்டாமல் பெரும்பாலும் கோட்டோடு போகும். இரண்டாம் ஆண்டுத் தேர்வில் பத்து மார்க் கேள்வி. ஒன்பது வாங்கினான். வாங்கியதோடு சரி, அதை நம்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இப்போது, ஆள் நடமாட்டமில்லாத கடலில், மாவட்டம் மாவட்டமாகப் பரந்த பனி கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டுக்குக் கட்டுப்பட்டு நகர்கிறது. காற்று நூறு மைல் போனால் அது இரண்டு மைல்தான் போகும். ஆனால் போகும். அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

கடிகாரத்தைப் பார்த்தான். மணி மூன்றே முக்கால். தாள்களோடு கஸ்தூரிரங்கன் அறைக்கு ஓடினான்.

"சார், அந்த லிஸ்டை அனுப்பாதீங்க. ஏழும் சரியா இருக்கு. கோளாறு எங்கிட்டதான்."

கஸ்தூரிரங்கன் கண்ணாடியைக் கழற்றினார். "இது உம்ம கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"ஒரு வாரமா இதுதான் சரின்னு சாதிச்சீர்."

"ஆமா சார்." தாள்களை நீட்டினான்.

அவரும் எழுந்து தன் ஜன்னலில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "அடேயப்பா" என்றார், அவனிடம் அல்ல. பிறகு பட்டியலை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"இது ஒரு மாசத்துத் தடம்தானே? மத்த ரெண்டு மாசத்தையும் இப்படியே ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாரும். திங்கட்கிழமை காட்டும்."

"சார், எனக்கு வெள்ளிக்கிழமையோட..."

"திங்கட்கிழமைன்னேன்."

வெளியே வடமேற்கிலிருந்து குளிர்காற்று முகத்தில் அறைந்தது. முந்தின நாள்தான் தில்லியை நனைத்த மழை கிழக்கே நகர்ந்திருந்தது. ஜம்பு காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, இடக்கையை நீட்டினான். காற்று கோட்டோடு போகிறதென்றால், அதன் இடப்பக்கம்தான் அழுத்தம் குறைவு. கை வடகிழக்கே காட்டியது. மழையைக் கொண்டுபோன அந்தத் தாழ்வழுத்தம் அங்கேதான் இருக்க வேண்டும்.

"யாருக்கு ஜம்பு டாட்டா காட்டறீங்க?" பஸ் நிறுத்தத்திலிருந்து அகல்யா கத்தினாள்.

அவன் கையை இறக்கவில்லை.