ஓடைப்பட்டிப் பாறையில் நடப்பது எது

நீங்கள் பொய் சொன்னீர்கள். ஓடைப்பட்டிப் பாறையில் டைனோசர் நடந்த தடம் இருக்கிறது என்று சேனலில் வீடியோ போட்டீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். தெரியாமல் சொல்லியிருந்தால் சும்மா விட்டிருப்பேன். தெரிந்தே சொன்னீர்கள். நேற்று அங்கே போய்ப் பார்த்தேன். போகாதவர்களுக்காக எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. போர்வெல் வண்டியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன். சொந்த ஊர் அரியலூர் பக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் பதினோரு வருடம் துளை போட்டிருக்கிறேன். அந்த மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று என் மூக்குக்குள் போன தூசிக்குத் தெரியும்.

ஆடி மாதம், திங்கட்கிழமை. காலை 6.20க்குத் தேனி பேருந்து நிலையத்தில் சின்னமனூர் பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் கைப்பேசியில் உங்கள் வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பதினோரு தடம். ஒவ்வொன்றிலும் மூன்று விரல். இடது, வலது, இடது, வலது என்று சரிவில் இறங்கி வருகிறது. பின்னால் ஏதோ உறுமுகிற இசை.

7.30க்குச் சின்னமனூர். ஆட்டோக்காரர் சிக்கந்தர், உத்தமபாளையத்துக்காரர். நான் ஓடைப்பட்டி என்று வாயைத் திறந்ததுமே சிரித்தார்.

"டைனோசருக்கா அண்ணே? போக முந்நூறு. அது வெரட்டிக்கிட்டு வந்துச்சுன்னா ரிட்டன் ப்ரீ."

ஓடைப்பட்டி வரை திராட்சைப் பந்தல்கள். மேல்காற்று பந்தல் கம்பிகளை உலுக்கிக்கொண்டே இருந்தது. ஊரைத் தாண்டி மலையடிவாரம் பார்த்து நான்கு கிலோமீட்டர் மண்பாதை. கடைசி அரைக் கிலோமீட்டர் நடைதான். சிக்கந்தர் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. வெயிலுக்காக என்றார். வெயில் இன்னும் ஏறவே இல்லை.

பாறை கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி இருக்கிறது. அதன் காலடியில் ஒரே ஒரு தகர வீடு. சுற்றிலும் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாறை மேல் ஏறியதும் காது அடைத்த மாதிரி நின்றுவிட்டது. காக்கை இல்லை, ஓணான் இல்லை. குங்குமமும் அணைந்த விறகு வாசனையும் மட்டும். என்னோடு வந்த தெருநாய் பாறை விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டது.

தடங்களை எண்ணினேன். பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். பத்தொன்பதுதான். வீடியோ வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"எண்ணாதீக அண்ணே. எண்ணுனா கூடும்."

கீழேயிருந்து ஒரு பெண் ஏறி வந்தார். பெயர் ஒச்சம்மாள். அந்தத் தகர வீடு அவருடையது. நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் கேரளாவில் ஏலத்தோட்ட வேலை. கம்பத்திலிருந்து ஜீப்பில் போனால் மாதம் ஒருமுறைதான் வருவார். வீட்டில் ஒச்சம்மாளும் ஏழு ஆடுகளும்.

வாராவாரம் ஒன்றிரண்டு கூடுகிறது என்றார். கைகாட்டினார். கடைசித் தடத்தின் மூன்று விரல்களும் நேராக அவர் வீட்டுக் கூரையைப் பார்த்திருந்தன.

"பொழுது சாயயில சத்தம் கேக்கும். ஒரு எட்டு வச்சு, நின்னு, மறு எட்டு வைக்கிற சத்தம். ஆடெல்லாம் சுவரோட ஒட்டிக்கிரும்."



9.40. டேப்பை எடுத்தேன். காலடித் தடத்துக்கு முதல் தேவை சேறு. மிருகம் மிதித்தால் சேறு ஓரத்தில் பிதுங்கும், ஒரு கரை எழும். பிறகு அந்தச் சேறு கல்லாக வேண்டும். இந்தப் பாறை சேறாக இருந்ததே இல்லை. பூமிக்கு அடியில் நெருப்பில் வெந்து வந்தது. டைனோசர் பிறப்பதற்குப் பல கோடி வருடம் முன்பே இது இதே கல். இதில் வெள்ளையும் கறுப்புமாக வரிகள் ஓடுகின்றன. மேலேயிருந்து கனமான கால் அமுக்கியிருந்தால் வரி வளைந்திருக்க வேண்டும். இங்கே வரி வளையவில்லை. குழி வரியை வெட்டிக்கொண்டு போகிறது. ஒரு குழிக்கும் கரை இல்லை.

சரி, மழையும் வெயிலும் அரித்த குழியா? அதுவும் அங்கே இருக்கிறது. பாறை உச்சியில் பார்த்தேன். தண்ணீர் தேங்கித் தேங்கி ஆன குழிகள். அடியில் பாசி. ஒன்று தட்டளவு, ஒன்று தொட்டியளவு, எந்த வரிசையும் கிடையாது. ஆனால் சரிவில் இருக்கிற பத்தொன்பதும் வேறு ஜாதி. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒன்றிலிருந்து அடுத்தது அறுபது சென்டிமீட்டர், ஐந்து முன்னே பின்னே. மழைக்கு அளவுகோல் பிடிக்கத் தெரியாது. மிருகமும் இல்லை, மழையும் இல்லை என்றால் இது என்ன?  மனசு நல்லதாக எதையும் நினைக்கவில்லை.

தண்ணீர் ஊற்றி ஒரு குழியைத் தேய்த்தேன். குங்குமம் கரைந்தது. அடியில் கல் செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது. விரலில் கரி ஒட்டியது. கல்லுடைக்கிறவர்கள் விறகு அடுக்கித் தீ மூட்டிப் பாளம் கிளப்புவார்கள். சூட்டுக் கல்லில் தண்ணீர் பட்டால் சில்லு தானாகத் தெறிக்கும். இங்கே யார் தீ மூட்டினார்கள் என்று ஒச்சம்மாளைக் கேட்டேன்.

"அடுப்பு வச்ச எடம்தான அண்ணே அது?" என்றார், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

அந்தப் பாறையில் இரண்டு பங்காளி வகையறா பொங்கல் வைப்பார்கள். ஒரு வருடம் ஒரு வகையறா இடப்பக்கம், மறு வருடம் மற்றது வலப்பக்கம். ஒருவர் அடுப்புச் சாம்பல் மேல் அடுத்தவர் அடுப்பு வைக்கக் கூடாது. ஒரு எட்டு தள்ளித்தான் வைக்க வேண்டும். மூன்று கல் கூட்டுவார்கள். தீ மூன்று சந்திலும் நாக்கு நீட்டும். பொங்கியதும் அடுப்பின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அவித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்க வேண்டும். கல் தெறிப்பதை யாரும் பார்த்ததில்லை. மூன்று சந்தும் மூன்று விரல்; ஊற்றுகிற தண்ணீர் சரிவில் ஓடுவதால் விரல்கள் கீழ்நோக்கியே நீளும்.

வீடியோவுக்குப் பிறகு வெளியூர்க்காரர்களும் வந்து அதே முறையில் பொங்கல் வைக்கிறார்கள். தடத்தைக் கும்பிட வந்தவர்கள்தான் அடுத்த தடத்தைப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

இதை அன்றே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொல்லாம? அந்தத் தம்பி மைக்க நீட்டுனாக. நின்ன எடத்துலேயே பூராவும் சொன்னேன். தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டாக. வீடியோவுல என் மூஞ்சி வருது, சத்தம் வரல."

அடுப்புத்தான் என்று தெரிந்த பிறகும் பயம் எதற்கு என்று கேட்டேன்.

"அடுப்புன்னா அது ஏன் நடக்குது?"

11.50. அதற்குத்தான் பதில் தேடினேன். சுத்தியலால் பாறையைத் தட்டிக்கொண்டே இறங்கினேன். உச்சியில் 'ணங்' என்று கெட்டிச் சத்தம். பன்னிரண்டாவது குழிக்குக் கீழே சத்தம் மாறியது. காலிப் பானை. சரிவின் விளிம்பு வரைக்கும் காலிப் பானை. விளிம்பில் ஒரு விரிசல். கையை விட்டேன், முழங்கை வரை போனது. உச்சி வெயிலில் உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்து கையைத் தொட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

பாறை மேல்தோல் ஒரே பாளமாக அடியை விட்டுக் கிளம்பி நிற்கிறது. பத்து ஆள் படுக்கிற அகலம், முக்கால் அடி கனம். ஒவ்வொரு அடுப்பும் அதை இன்னும் கொஞ்சம் கிளப்புகிறது. அதற்கு நேர் கீழே அந்த வீடு.

மாலை 3.30க்கு உத்தமபாளையம் தாலுகா அதிகாரிகளிடம் போய், பாளம் பெயரும், அதன் மேல் அடுப்பு கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். வருகிற ஆடி வெள்ளிக்கிழமை பொங்கல் வைக்க வரும் கூட்டத்துக்குத் தண்ணீர் டேங்க் எங்கே நிறுத்துவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

6.10. மறுபடி பாறையடி வீட்டுக்கு வந்தேன். வெயில் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கியதும் காற்று அறுத்த மாதிரி நின்றது. ஆடுகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டன. பிறகு மேலே 'டப்' என்றது. மூச்சு விடுகிற நேரம் அமைதி. மறுபடி 'டப்', இன்னும் கீழே. மறுபடி. சூடான கல் ஆறும்போது விரிசல் நகர்கிற சத்தம் அது. எனக்கு அது தெரியும். தெரிந்தும், என் கண் சரிவை விட்டு நகரவில்லை. ஒன்றும் வரவில்லை. கூரைத் தகரத்தில் ஒரு சில்லு வந்து விழுந்தது.

பாளம் பெயர்ந்தால் உங்கள் வீட்டு மேல்தான் விழும், இன்றைக்கே கிளம்புங்கள், மார்க்கையன்கோட்டையில் அக்கா வீடு இருக்கிறது என்றீர்களே என்று ஒச்சம்மாளிடம் சொன்னேன். சிக்கந்தரும் சொன்னார், ஆட்டையும் ஏற்றிக்கொள்ளலாம், வாடகை வேண்டாம் என்று.

"போயிட்டா? வெள்ளிக்கெழம நூறு அடுப்பு எரியும். சின்னப் புள்ளைகளோட வந்து இந்தப் பாளத்து மேலதான் நிப்பாக. இங்கன வைக்காதீகன்னு சொல்ல ஒரு ஆளு வேணாமா?"

நீங்கள் சொன்னால் கேட்பார்களா என்றேன். கேட்க மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். எனக்கு டீ போட உள்ளே போய்விட்டார்.

எங்கள் ஊர்ப் பக்கம் வயலை உழுதால் கல்லாகிப்போன கடல் சங்கு வரும். உண்மையான பழசு. வரப்பில் தூக்கிப் போட்டுவிட்டு உழுவோம். அதைப் பார்க்க ஒரு கூட்டமும் வருவதில்லை, அதன் கீழே யாரும் சாகப் போவதும் இல்லை. தேனியில் இரவு பஸ் ஏறும்வரை இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தனியாகப் பதில் அனுப்பாதீர்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அதே சேனலில், அத்தனை பேரும் பார்க்க, உங்கள் முகத்தைக் காட்டிச் சொல்லுங்கள்: ஒச்சம்மாள் பேசியதை ஏன் வெட்டினீர்கள்?