மஞ்சள் துணி கட்டிய கல்

போன சனிக்கிழமையிலிருந்து எனக்கு ஒரே குழப்பம். யாரிடமாவது கொட்டினால்தான் தெளியும் போலிருக்கிறது. உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

கோமளா என் தோழி. ரந்தாவ் தமிழ்ப்பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்சு. நான் பத்திரிகையில் பத்தி எழுதப் போனேன். அவள் பெரிய படிப்பெல்லாம் படித்து, நீலாயில் ஒரு பல்கலைக்கழகத்தில் குறியியல் பேராசிரியை ஆகிவிட்டாள். அது என்ன குறியியல்? ஒரு பொருளைப் பார்த்ததும் நம் மனசில் ஏன் வேறொன்று தோன்றுகிறது — அதை ஆராய்வதாம். லாரி முன்னால் எலுமிச்சம்பழம் தொங்கினால் நமக்கு அது எலுமிச்சம்பழம். அவளுக்கு அரை மணி நேர லெக்சர். அவளோடு கல்யாணத்துக்குப் போனால் வாழைமரத்தைத் தாண்டி உள்ளே போவதற்குள் பந்தி முடிந்துவிடும்.

சனிக்கிழமை காலையில் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"வீட்லதானே இருக்க? காரை எடு லா. ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போகணும். தனியாப் போகப் பயமா இருக்கு."

பாம்புக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

விஷயம் காரில்தான் வெளியே வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாணவர்களை அந்தத் தோட்டத்துக்கு அழைத்துப் போயிருக்கிறாள். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைகளுக்கு நடுவே பழைய எல்லைக் கல் ஒன்று சாய்ந்து கிடந்ததாம். 'கல் எப்போது சாமி ஆகிறது?' என்பது அன்றைய பாடம். வாயால் சொன்னால் போதாதா? போதாது! கல்லை நிமிர்த்தி, தன் மஞ்சள் துப்பட்டாவில் ஒரு முழம் கிழித்துக் கட்டி, கைப்பையிலிருந்த குங்குமத்தை வைத்து, "இப்ப இதை யாராச்சும் மிதிங்க பார்ப்போம்" என்றிருக்கிறாள். ஒருவரும் மிதிக்கவில்லை. பாடம் அமோக வெற்றி.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. எல்லோரும் வேனுக்கு ஓடினார்கள். துணியை அவிழ்க்க மறந்துவிட்டாள்...

அவ்வளவுதான். போன வாரம் அந்தத் தோட்டத்துப் பரமசிவம் என்பவரிடமிருந்து அழைப்பு. அன்று தோட்டத்து கேட் பதிவேட்டில் அவள் எழுதி வைத்துவிட்டு வந்த நம்பரைப் பிடித்திருக்கிறார். தோட்டத்தை வீடமைப்புக் கம்பெனிக்கு விற்றாகிவிட்டது. தோட்டத்துப் பெரிய கோயிலை முன்பே டவுனுக்கு மாற்றியாகிவிட்டது. மிச்சம் இருப்பது எட்டு வீடும் ஓர் அம்மனும். அது ரொம்பப் பழைய கோயில் என்று படித்தவர் யாராவது எழுதிக் கொடுத்தால், கம்பெனி இடம் விடுமாம். இல்லாவிட்டால் அடுத்த மாதம் மண் தோண்டும் பெக்கோ வந்து மண்ணோடு வாரிவிடும்.

அம்மன் பெயர் மஞ்சத்துணிக்காரி.

"நீ சொல்லு, நான் என்ன எழுதுறது?" என்றாள் கோமளா. பொய் எழுதினால் இத்தனை வருஷப் படிப்புக்கு என்ன மரியாதை? உண்மையை எழுதினால் அவர்களுக்கு அம்மன் இல்லை. வாராவாரம் ஊருக்கே யோசனை சொல்கிற நான், ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அங்கே போய்ப் பார்த்தால் தகரக் கூரை, டைல்ஸ் தரை, மணி, எலுமிச்சை மாலை. கல்லே தெரியவில்லை, அவ்வளவு மஞ்சள் புடவை. பரமசிவம் கிளாசில் பாண்டான் இலைச் சர்பத் கொடுத்தார். விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த சரஸ்வதி அக்கா, தன் கதையைச் சொன்னார். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து படுத்த புருஷன், இங்கே வேண்டிக்கொண்ட பிறகுதான் எழுந்து நடந்தாராம்.

கோமளாவுக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். துப்பட்டா, குங்குமம், மழை... ஒன்றையும் மறைக்கவில்லை. நான் கார் சாவி எங்கே என்று தேடினேன்.

பரமசிவம்தான் முதலில் வாயைத் திறந்தார். "டீச்சர், இதை வெளியில சொல்லிக்காதீங்க. நூறு வருஷம்னு போட்டுடுங்க லா. கல்லு பழசுதானே?"

சரஸ்வதி அக்கா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப துணி கட்டுனது நீங்கதானா?"

"ஆமாக்கா... மன்னிச்சிருங்க."

"அது கெடக்கட்டும். மூணு வருஷமா எங்க போயிருந்தீங்க? அவளை நிமித்தி வெச்சிட்டு, ஒரு விளக்கு ஏத்தக்கூட திரும்பி வரல. மழையில நனைஞ்சிக்கிட்டு ஒத்தையில நின்னா. நான் பார்த்ததால ஆச்சு. இல்லைன்னா?"

உலகத்தில் எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கும் கோமளா அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினாள். 'இந்தக் கல்லுக்கு முதல் துணியைக் கட்டியவள் நான்தான். அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூட இவர்கள் விளக்கில்லாமல் விட்டதில்லை. ஆகவே இது கோயில்.' கீழே முழுப் பெயர், பட்டம், கையெழுத்து.

பரமசிவம் இரண்டு தடவை படித்தார். "இதை வெச்சு நான் என்ன டீச்சர் பண்றது?" என்றார். ஆனாலும் மடித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கம்பெனியிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.

அவள் செய்தது சரியா? நூறு வருஷம் என்றே எழுதியிருக்கலாமோ? ஒரு வாரமாக யோசிக்கிறேன். சரஸ்வதி அக்காவின் முகம் ஞாபகம் வரும்போதெல்லாம் எழுதியிருக்கலாம் என்று தோன்றுகிறது. கோமளாவின் முகம் ஞாபகம் வந்தால் வேறு மாதிரி தோன்றுகிறது.

இன்னொரு குழப்பம். கல் எப்படிச் சாமி ஆகிறது என்று எல்லோருக்கும் பாடம் நடத்துகிறவள், கிளம்பும்போது எதற்குச் செருப்பைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிட்டாள்?

அதை விடுங்கள்... பக்கத்தில் நான் எதற்கு விழுந்தேன்?